வளர்ப்புப் பாம்பின் தோலும் செள்ளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால் பைத்தானோ (Ball Python) கார்ன் ஸ்நேக்கோ (Corn Snake) வளர்க்கும் நண்பர்கள் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை தோலைப் பற்றியவை. ஒரே பதிலை வாட்ஸப்பில் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் அவசரத்துக்கு உதவும் என்று இதைத் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, பாம்பு வளர்ப்பவன். அதனால் மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதவில்லை. செள்ளு என்பது செதில்களுக்கு இடையே ஒளிந்து பாம்பின் இரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி. செள்ளால் செத்த பாம்புகளைவிட, செள்ளைப் பார்த்த பதற்றத்தில் கையில் கிடைத்ததை ஊற்றியதால் செத்த பாம்புகளைப் பற்றித்தான் நான் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நல்ல தோல்னா எப்படி இருக்கும்? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

செதில்கள் வரிசை கலையாமல் உடலோடு படிந்து கிடக்கும். தொட்டால் உலர்ந்து வழவழப்பாக இருக்கும், பிசுபிசுக்காது. தலையிலிருந்து வால் பக்கமாக விரலை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. அடிவயிற்றில் குறுக்கே ஓடும் அகலச் செதில்களின் ஓரம் பழுப்பேறியோ கருகியோ இருக்கக் கூடாது. கண் உருண்டையாக, தெளிவாக, பள்ளம் விழாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் பொதுவான கணக்கு. உங்கள் பாம்புக்கு வழக்கமாக எது இருக்கிறதோ அதுதான் உண்மையான அளவுகோல். மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் தலை, முதுகு, அடிவயிறு மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கரும்புள்ளி பிறவியிலேயே இருந்ததா, போன வாரம் வந்ததா என்ற சண்டைக்கு அந்தப் படம்தான் தீர்ப்புச் சொல்லும்.

எத்தனை நாளைக்கு ஒருக்கா பாக்கணும்? எப்படிப் பாக்கணும்?

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போதும். இரை தின்று இரண்டு நாள் ஆகும்வரை தூக்காதீர்கள், கக்கிவிடும். கண் மங்கியிருக்கும் நாட்களிலும் தள்ளிப் போடுங்கள். முற்றத்துப் பக்கம் பகல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் நேரடியாக விட்டுப் பார்க்காதீர்கள். அந்தப் பூவேலைக்குள் ஒரு கரும்புள்ளி விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது. வேட்டியில் விழுந்தால் உடனே தெரியும்.

தலையிலிருந்து தொடங்குங்கள். கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, மூக்குத் துளை, பால் பைத்தானாக இருந்தால் மேலுதட்டில் இருக்கும், சூட்டை உணரும் வெப்பக் குழிகள், தாடைக்கு அடியில் நடுவாக ஓடும் பள்ளம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். செள்ளு முதலில் குடியேறும் இடங்கள் இவை. அப்புறம் உடலை மெதுவாக வளைய விடுங்கள். வளைவின் வெளிப்பக்கம் செதில்கள் விலகும்போது இடையில் இருக்கும் மெல்லிய தோல் தெரியும். பிறகு அடிவயிறு, கழிவுத் துளையின் மடிப்பு, கடைசியாக வால் நுனி.

முடிவில் ஒரு வெள்ளை டிஷ்யூவை லேசாக நனைத்து உடலைச் சுற்றித் தளர்வாகப் பிடித்து, பாம்பை அதன் வழியாக நகர விடுங்கள். டிஷ்யூவில் கரும்புள்ளி ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்கிப் பாருங்கள். சிவப்பாகப் படர்ந்தால் அது இரத்தம் குடித்த செள்ளு. படராவிட்டால் பெரும்பாலும் அழுக்கு. இந்த டிஷ்யூ சோதனையைக் கீழே பல இடங்களில் குறிப்பிடுவேன்.

கண்ணு திடீர்னு வெள்ளையாயிருச்சு. குருடாயிருச்சா?

இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் நீலமும் வெள்ளையும் கலந்து மங்கினால் பயப்பட வேண்டாம், சட்டை உரிக்கப் போகிறது. பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் சேர்வதால் வரும் மங்கல் அது. சில நாளில் கண் மறுபடி தெளிவாகும். அதற்குப் பின் சில நாளில் சட்டை கழன்றுவிடும். முழுவதும் சேர்த்து ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்த நாட்களில் பார்வை குறைவாக இருப்பதால் பாம்பு மிரளும், இரையையும் ஒதுக்கும். அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

ஒரு கண் மட்டும் மங்கியிருந்தாலோ, சட்டை கழன்ற பிறகும் மங்கல் போகாவிட்டாலோ அது வேறு விஷயம். மூன்று கேள்விகள் தள்ளிப் பாருங்கள்.

கழட்டிப் போட்ட சட்டை பாம்பை விட நீளமா இருக்கே, எப்படி?

உரியும்போது தோல் இழுபடுகிறது. அதனால் சட்டையை அளந்து பாம்பின் நீளத்தைச் சொல்ல முடியாது. சட்டையைக் குப்பையில் போடும் முன் விரித்துப் பாருங்கள். உதட்டிலிருந்து தொடங்கி உள்பக்கம் வெளியே வந்தபடி ஒரே துண்டாகக் கழன்றிருக்க வேண்டும். தலைப் பகுதியில் கண்ணாடி மாதிரி இரண்டு வட்டத் தகடுகள் இருக்க வேண்டும், வால் நுனியும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த மாதத் தோல் கணக்கு நல்லபடி முடிந்தது.

எங்க பாம்பு சட்டையைத் துண்டு துண்டாத்தான் உரிக்குது. என்ன குறை?

நம் ஊரில் பெரும்பாலும் ஈரப்பதக் குறைதான். பங்குனி தொடங்கி ஆடி வரை இங்கே காற்று எவ்வளவு வறண்டு கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு ஏசியும் போட்டால் அறையில் கொஞ்ச நஞ்சம் இருக்கும் ஈரமும் போய்விடும். பால் பைத்தானுக்குச் சாதாரண நாளில் 55 முதல் 65 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. கார்ன் ஸ்நேக்குக்கு அதைவிடக் குறைவாகவே போதும். கையால் தடவி ஈரத்தை மதிப்பிட முடியாது, ஈரப்பதத்தை அளந்து காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள்.

பெட்டி முழுவதும் தண்ணீர் தெளிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதனால் அடியில் ஈரம் தேங்கி வயிற்றுப் புண்ணில் கொண்டு போய் விடும். அதற்குப் பதில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தைச் சொரசொரப்பு இல்லாமல் தேய்த்து, உள்ளே பிழிந்த ஈரத்துணி போட்டு வையுங்கள். கண் மங்கியதிலிருந்து சட்டை கழலும்வரை அந்த டப்பா இருக்கட்டும். துணியைத் தினமும் மாற்றுங்கள்.

ஈரம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று தடவை தொடர்ந்து துண்டு துண்டாக உரிந்தால் செள்ளு, பழைய காயம், சத்துக் குறைவு, உள்நோய் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கலாம். டிஷ்யூ சோதனை செய்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஒட்டிக்கிட்டு இருக்கிற பழைய சட்டையை உரிச்சு எடுக்கலாமா? கண்ணு மேலயும் இருக்கு.

உடலில் ஒட்டியிருப்பதை ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பில், பாம்பின் உடல் பாதி மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, பதினைந்து இருபது நிமிடம் வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள், போன் வந்தது என்று எழுந்து போகாதீர்கள். பிறகு ஈரத்துண்டுக்குள் விட்டால் அது தானாக உராய்ந்து கழற்றும். வராத இடத்தை இழுக்காமல் மறுநாள் திரும்பச் செய்யுங்கள். வால் நுனியில் வளையமாக நிற்கும் தோலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்தடுத்த சட்டையும் அங்கேயே சேர்ந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி கருகி விழுந்துவிடும்.

கண்மேல் இருப்பதை நகத்தாலோ இடுக்கியாலோ தொடவே தொடாதீர்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பதே அந்தத் தெளிவான தகடுதான். பழைய தகடு என்று நினைத்துப் புதுத் தகட்டைக் கிழித்துவிட்டால் கண்ணே போகும். ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த சட்டைக்குக் காத்திருங்கள், பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் மருத்துவர்.

செதிலுக்குள்ள கருப்பா ஒண்ணு இருக்கு. செள்ளா, உண்ணியா?

செள்ளு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், கசகசா மாதிரி. இரத்தம் குடித்தபின் கருப்பாக இருக்கும், கூர்ந்து பார்த்தால் நகரும். உண்ணி அதைவிடப் பல மடங்கு பெரியது. தட்டையாகச் செதிலுக்கு அடியில் ஒரே இடத்தில் கடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பாம்பில் உண்ணி அபூர்வம். காட்டில் திரியும் சாரையிலும் உடும்பிலும் அதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். உங்கள் பாம்பில் உண்ணி இருந்தால் அது எங்கே பிடிக்கப்பட்டது என்று விற்றவரைக் கேளுங்கள்.

செள்ளுக்கு இன்னும் சில அடையாளங்கள் உண்டு. முதுகில் வெள்ளைத் தூள் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும், அது செள்ளின் கழிவு. கண்ணைச் சுற்றியுள்ள செதில்கள் உப்பி நிற்கும். பாம்பு அமைதியில்லாமல் அலைந்து எதிலாவது தலையைத் தேய்க்கும். தூக்கிவிட்டுக் கீழே வைத்ததும் உங்கள் கையில் கரும்புள்ளி ஊரும்.

நாள் பூரா தண்ணிக்குள்ளயே கெடக்கு. இந்த வெயிலுக்கு அப்படித்தானே இருக்கும்?

இருக்கலாம். ஆனால் வெயில் என்று முடிவு கட்டும் முன் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். மூழ்கிச் செத்த செள்ளு மிளகுத் தூளாகக் கிடந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கடி தாங்காமல் பாம்பு தண்ணீரில் கிடக்கிறது.

கிண்ணம் சுத்தமாக இருந்தால் பெட்டியின் சூட்டை அளந்து பாருங்கள். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மாடி அறையில் வைத்தால் குளிர்ந்த பக்கமே 35 டிகிரியைத் தாண்டும். பழைய வீடாக இருந்தால் சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள உள்கட்டு அறைக்கு மாற்றுங்கள், அங்கே பகலிலும் சூடு தணிந்திருக்கும். சட்டை உரிக்கும் முன்பும் சில பாம்புகள் தண்ணீரைத் தேடும், கண்ணைப் பார்த்தால் அது புரியும்.

தேங்காய் நார்த்தூள்ல வெள்ளைப் பூச்சி ஊருது. அதுவும் செள்ளுதானா?

வெளிறிய நிறத்தில், ஈரத் தூளில் மட்டும் ஊர்ந்து, பாம்பின் மேல் ஏறாமல் இருந்தால் அது பூஞ்சையையும் மக்கியதையும் தின்னும் பூச்சி. பாம்புக்கு நேரடித் தீங்கு இல்லை. ஆனால் தூளில் ஈரம் மிஞ்சிவிட்டது என்பதற்கு அது சாட்சி. தூளை மாற்றி, காற்றோட்டம் கொடுங்கள். டிஷ்யூ சோதனை சுத்தமாக வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

பாம்பு வீட்டை விட்டே வெளிய போகல. பின்ன செள்ளு எப்படி வந்துச்சு? வீட்ல நாட்டுக்கோழி இருக்கு, அதுலேர்ந்தா?

கோழிச் செள்ளு வேறு இனம். பாம்புச் செள்ளு பாம்புகளையே நம்பி வாழ்வது. பெரும்பாலும் புதிதாக வாங்கிய பாம்போடு வரும். அல்லது வேறொருவர் தந்த பழைய பெட்டி, மரக்கட்டை, மண், அவர் பாம்பைத் தொட்ட கை, உடுத்தியிருந்த துணி வழியாக வரும். ‘நல்லா இருக்கு, கொஞ்ச நாள் வச்சுக்க’ என்று நண்பர் கொடுத்த பெட்டியில் முட்டை இருந்தாலே போதும்.

அதனால்தான் புதுப் பாம்பைக் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் தனி அறையில் வைக்கச் சொல்கிறோம். அந்தக் காலம் முழுவதும் டிஷ்யூ பேப்பர் விரிப்பு மட்டும் போதும், செள்ளு இருந்தால் வெள்ளையில் உடனே தெரியும். பழைய பாம்பைக் கவனித்து முடித்த பிறகே புதியதிடம் போங்கள், முறை மாறக் கூடாது.

சரி, செள்ளுன்னு உறுதியாயிருச்சு. இப்ப முதல்ல என்ன செய்யணும்?

அன்றைக்கே செய்ய வேண்டியது பெட்டியைக் காலி செய்வது. செள்ளு பாம்பின் மேல் இரத்தம் குடிக்கும், முட்டையிடுவதோ இருட்டான ஈரமான இடுக்குகளில். ஒரு பெண் செள்ளு தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். வெப்பமும் ஈரமும் வாகாக இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக ஆக இரண்டு வாரம் போதும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே பாம்பின் மேல் இருப்பதைக் கொன்றால் மட்டும் கதை முடியாது.

விரிப்பு மண் முழுவதையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். மரக்கட்டை, மரப்பட்டை, நுண்துளை உள்ள எதையும் தூக்கிப் போடுங்கள். பாம்பைப் பாதுகாப்பான ஒரு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூலை, மூடி விளிம்பு, திருகு ஓட்டை எல்லாவற்றிலும் நல்ல வெந்நீர் ஊற்றுங்கள். முட்டையிடப் போகும் செள்ளு மேல்நோக்கி ஏறும் பழக்கமுள்ளது, எனவே மூடியின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். முழுவதும் காயவைத்து, டிஷ்யூ பேப்பர், தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி இவை மட்டும் வையுங்கள். பேப்பரையும் அட்டையையும் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள். பெட்டி இருக்கும் அலமாரி, அதைச் சுற்றியுள்ள தரை இவையும் வேக்குவம் போட்டுத் துடைக்கப்பட வேண்டும்.

பாம்பை மேலே சொன்ன வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் உடலில் இருப்பதில் ஒரு பகுதி மூழ்கிச் சாகும். மிச்சம் தலைக்கு ஏறிவிடும், அதனால் இது ஆறுதலே தவிர மருத்துவம் ஆகாது. உடலுக்கான மருந்து மருத்துவர் கையால்தான். அதே அறையில் வேறு பாம்பு இருந்தால், செள்ளு தெரியாவிட்டாலும் அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாய்க்கு அடிக்கிற உண்ணி மருந்து வீட்லயே இருக்கு. அதையே அடிக்கலாமா?

வேண்டாம். நாய்க்கான மருந்துகளில் ஃபிப்ரோனில் உள்ள ஸ்ப்ரேயைச் சில மருத்துவர்கள் பாம்புக்கும் பயன்படுத்துவதுண்டு. துணியில் நனைத்துத் துடைக்கும் முறை, அளவு, எத்தனை நாள் இடைவெளி, தண்ணீர்க் கிண்ணத்தை எப்போது எடுப்பது என்று அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. நாய்க்குளியலுக்குக் கலக்கும் அமிட்ராஸ் மருந்தை நீங்களாகப் பாம்பின் மேல் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. ஐவர்மெக்டினும் அப்படித்தான், அளவு தவறினால் நரம்பைத் தாக்கும். வீட்டில் ஆமையும் இருந்தால் அதன் பக்கம் ஐவர்மெக்டின் போகவே கூடாது, ஆமைகளைக் கொன்றுவிடும். பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்து பூனைக்கு விஷம், அதையும் நினைவில் வையுங்கள்.

அப்பத்தா வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவச் சொல்றாங்க. ஆச்சி அந்துருண்டை போடச் சொல்றாங்க.

அவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள், மாட்டுக்கும் பீரோவுக்கும் பழகிய கை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு இவை ஒத்துவராது. அந்துருண்டையின் நாப்தலீன் ஆவி பெட்டிக்குள்ளேயே தேங்கி மூச்சு வழியாக விஷமாகும். வேப்பெண்ணெயை உடல் முழுவதும் பூசினால் தோல் எரிச்சல் வரும், அதில் தூசி ஒட்டும், அடுத்த சட்டை கெடும். மஞ்சள் செள்ளைக் கொல்லாது. அதோடு உண்மையான நிறமாற்றத்தை மறைத்து மருத்துவரைக் குழப்பிவிடும். பினாயில், மண்ணெண்ணெய், டெட்டால் எதுவும் பாம்பின் அருகே வரக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கோ சாமி கும்பிடவோ பெரிய வீட்டைத் திறக்கும்போது தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் கரையான் மருந்து அடிப்பார்கள், அறை அறையாகச் சாம்பிராணி போடுவார்கள். அதற்கு முன்பே பாம்புப் பெட்டியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய், வாடை முற்றிலும் போன பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஐயா காலத்துத் தேக்குப் பெட்டி ஒண்ணு இருக்கு. கண்ணாடி போட்டு அதுலயே வளர்க்கலாமா? உள்ள ஒளிய கொட்டான் வச்சா அழகா இருக்கும்.

ஆசை புரிகிறது, பர்மாத் தேக்கு யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் பழைய பெட்டியின் இணைப்புகளில் நகம் நுழையும் இடுக்குகள் இருக்கும், அதற்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவவும் முடியாது. செள்ளு ஒரு முறை புகுந்தால் அந்தப் பெட்டியை மீட்பது கஷ்டம். கண்டிப்பாக வேண்டுமென்றால் உள்பக்க இணைப்புகளை எல்லாம் அடைத்து, பாதுகாப்பான வார்னிஷ் பூசி, வாடை போகப் பல வாரம் காயவிட வேண்டும்.

கொட்டான் வேண்டவே வேண்டாம். பனையோலைப் பின்னலின் ஒவ்வொரு மடிப்பும் செள்ளு முட்டையிடத் தோதான இடம். அதைக் கூடத்தில் வைத்து அழகு பாருங்கள்.

அடிவயிறு செவந்திருக்கு. புண்ணா, சட்டைக்கு முன்னாடி வர்ற நிறமா?

நிறைய பேர் தடுமாறும் இடம் இது, மெதுவாகப் படியுங்கள். சட்டை உரிக்கும் முன் பால் பைத்தானின் வயிறு பரவலாக இளஞ்சிவப்பாகும். செதில் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும், சட்டை கழன்றதும் நிறம் போய்விடும்.

செதில் அழுகலில் அப்படிப் பரவலாக இருக்காது. அங்கங்கே பழுப்பாக, செம்பழுப்பாகத் திட்டுகள் தெரியும். செதில் ஓரம் தூக்கி நிற்கும், சில சமயம் நீர்க் கொப்புளம் வரும், முற்றினால் வாடை அடிக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த விரிப்பில் நாள்கணக்கில் கிடப்பதும், உடல் காய்வதற்குப் போதிய சூடு இல்லாததும்தான் முக்கியக் காரணம். மழைக்காலத்தில் இதைத்தான் அதிகம் தேட வேண்டும். சூட்டுக்காயம் என்றால் பெட்டியைச் சூடாக்கும் ஹீட் பேடுக்கு நேர் மேலே படுக்கும் இடத்தில் மட்டும் எல்லை கட்டினாற்போல் தெரியும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் பேடு பாம்பைச் சுட்டே தீரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுடும்போது பாம்பு எழுந்து விலகிவிடும் என்று நம்பாதீர்கள், பல பாம்புகள் விலகுவதில்லை.

நான்காவது வகைதான் அவசரம். வயிறெங்கும் பொடிப்பொடியாக இரத்தப் புள்ளிகள், கூடவே சோர்வு, வாய் திறந்து மூச்சு விடுதல், தலையை நிமிர்த்த முடியாமை இருந்தால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். செள்ளு அதிகமாகக் கடித்த பாம்புக்கும் இது வரலாம், செள்ளு அந்தக் கிருமிகளைப் பரப்பக்கூடியது.

புண்ணுக்கு பெட்டாடின் போடலாமா?

லேசான செதில் அழுகலுக்குப் போவிடோன் அயோடினை (பெட்டாடினில் இருப்பது இதுதான்) தண்ணீரில் நன்றாகக் கலந்து பஞ்சால் ஒற்றுவது வழக்கத்தில் உள்ள முதலுதவிதான். கலக்காமல் அப்படியே ஊற்றாதீர்கள். பாம்பை டிஷ்யூ பேப்பர் விரிப்புக்கு மாற்றி, உலர்வாக வைத்து, சூட்டைச் சரியாகக் கொடுப்பதுதான் பாதி வைத்தியம். கொப்புளம் உடைந்திருந்தாலோ, திட்டு ஒரு வாரத்தில் பெரிதானாலோ உள்ளுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். பூஞ்சைத் தொற்றும் பார்க்க இதே மாதிரி இருக்கும் என்பதால் மாதிரி எடுத்துப் பார்க்காமல் களிம்பு வாங்கிப் போடுவதில் பயன் இல்லை.

தோலுக்கு அடியில கட்டி மாதிரி தட்டுது.

வயிற்றின் நடுவில், இரை தின்ற சில நாளில் தட்டினால் அது இரைதான். மற்ற இடங்களில் சீழ்க்கட்டி, தோலடிப் புழு, பழைய விலா முறிவு, புற்றுக்கட்டி எதுவாகவும் இருக்கலாம். பாம்பின் சீழ் திரவமாக இருக்காது, கெட்டியாகக் கட்டியிருக்கும், அதனால் பிதுக்கினால் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிதுக்கினால் உள்ளே பரவும்.

இரைக்கு விட்ட எலி பாம்பையே கடிச்சிருச்சு.

கடியைச் சலைன் நீரால் கழுவி, உலர்ந்த டிஷ்யூ விரிப்பில் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். இனி உயிருள்ள எலி வேண்டாம். உறையவைத்து, பிறகு வெதுவெதுப்பாக்கிய இரைக்குப் பழக்குங்கள்.

வீட்ல கைக்குழந்தை இருக்கு. செள்ளு எங்களுக்கும் ஒட்டுமா?

பாம்புச் செள்ளு எப்போதாவது மனிதரையும் கடித்து அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், ஆனால் மனித உடலில் தங்கி வாழாது. பெட்டி சுத்தமானால் அதுவும் நின்றுவிடும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி. ஆரோக்கியமாகத் தெரியும் பாம்பின் கழிவிலும் அது இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பாம்பையும் பெட்டியையும் தொடாமல் இருப்பது நல்லது. பாம்பின் பாத்திரங்களை அடுப்படியில் கழுவாதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே குழந்தையைத் தூக்குங்கள்.

கொல்லையில ஒரு சாரை சட்டை உரிக்க முடியாம கெடக்கு, மேல உண்ணியும் இருக்கு. பிடிச்சு சரிபண்ணி விட்ரலாமா?

மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் தொடாதீர்கள். சாரைதான் என்று நீங்கள் உறுதியாக நினைப்பது நாகமாக இருந்துவிடலாம், மங்கிய தோலோடு கிடக்கும்போது அடையாளம் இன்னும் தப்பும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கத்தில் இருக்கின்றன. காட்டுப் பாம்பில் நாலைந்து உண்ணி இருப்பது இயல்பு, அதனோடு அது வாழ்ந்துவிடும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

பிடித்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் நாட்டுப் பாம்பு எதையும் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள முடியாது. இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் காட்டுப் பாம்புக்குச் செய்து பார்க்காதீர்கள்.

அப்ப பால் பைத்தான் வச்சிருக்கிறது மட்டும் சட்டப்படி சரியா? டாக்டர்ட்ட போனா மாட்டிக்குவோமான்னு பயமா இருக்கு.

பால் பைத்தான் ஆப்பிரிக்க இனம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தத்தின்படி இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன, பதிவு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக நடக்கிறது. கார்ன் ஸ்நேக் அந்த ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பாம்பின் நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயத்தில் மருத்துவரைத் தள்ளிப்போடுவதுதான் மோசம். காகிதம் சரியாக இருந்தால் எந்த மருத்துவமனைக்கும் தலை நிமிர்ந்து போகலாம். பாம்புக்கு நோய் வரும் முன்பே பதிவை முடித்து வையுங்கள்.

பாம்பு பாக்குற டாக்டர் இங்க எங்க இருக்காங்க?

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் அல்லர். முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். உங்கள் ஊர் மருத்துவர் அவர்களோடு பேசி வைத்தியம் பார்க்க முன்வந்தால் அதுவும் நல்ல வழி.

போகும்போது கடைசியாகக் கழன்ற சட்டை, செலோடேப்பில் ஒட்டி எடுத்த செள்ளு, மாதாமாதம் எடுத்த படங்கள், பெட்டியின் சூடும் ஈரமும் குறித்த தாள், கடைசியாக இரை தின்ற தேதி இவற்றைக் கொண்டுபோங்கள். பாம்பைத் தலையணை உறையில் விட்டுக் கட்டி, காற்றுப் போகும் டப்பாவுக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

மருந்து போட்டு ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப திரும்ப வந்துருச்சு. மருந்து சரியில்லையா?

மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். முட்டையாகவும் இடுக்கில் ஒளிந்தும் இருந்தவை அதற்குத் தப்பின, இப்போது வளர்ந்து வந்திருக்கின்றன. அந்த இரண்டு வாரக் கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன். மருத்துவர் மறுபடி வரச் சொன்ன தேதிக்குப் போகாமல் விட்டவர்களுக்கும், பாம்புக்கு மருந்து போட்டு அலமாரியைத் துடைக்காதவர்களுக்கும்தான் இது அதிகம் நடக்கிறது. எது விட்டுப்போனது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் வேறு மருந்துக்கு மாறி இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

முழுசா போயிருச்சுன்னு எப்பச் சொல்லலாம்?

கடைசிச் செள்ளைக் கண்ட நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணுங்கள். அதற்குள் ஒவ்வொரு வாரமும் டிஷ்யூ சோதனை சுத்தமாக வர வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தில் எதுவும் மிதக்கக் கூடாது, ஒரு சட்டையாவது முழுசாகக் கழன்றிருக்க வேண்டும். கழன்ற சட்டையையும் வேட்டியில் விரித்துத் தாடைப் பள்ளம் இருந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், செத்த செள்ளு ஒட்டியிருந்தால் அங்கேதான் இருக்கும். நடுவில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் பிறகு புது நார்த்தூள் போடலாம், பழைய மூட்டையில் மிச்சம் இருப்பதைப் போடாதீர்கள்.